செடிக்கு வைத்த ரசம்

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. மாமா செடிக்கு ரசம் வைத்த கதை. அதை முதலில் சொன்னவளும் நான்தான், இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பவளும் நான்தான். காதுகுத்தோ கல்யாணமோ, நாலு சொந்தக்காரர்கள் கூடிவிட்டால் போதும், “அந்த ரசக் கதையச் சொல்லுடி” என்று அம்மா என்னை முன்னால் தள்ளிவிடுவாள். நானும் வெட்கமில்லாமல் நடுவீட்டில் குந்தி உட்கார்ந்து, மாமாவைப் போலவே உதட்டைக் குவித்து, சிரட்டையால் ரசம் ஊற்றிக் காட்டுவேன். சிரிக்காதவர் கிடையாது. மாமாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். இப்போதும் சொல்லத்தான் செய்கிறேன். ஆனால் சிரிப்பு வர வேண்டிய இடத்தில் எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை.

தெல்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூச்சு வாங்க ஏறிப் போனால், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம் வரும். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். அப்பாவுக்குக் கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார், வந்ததும் தூங்குவார். மாமா அம்மாவுக்குத் தம்பி. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது மாமாவுக்குப் பால்பல்கூட விழவில்லையாம். “உங்கம்மா அலுமாரியும் கொண்டாரல, கட்டிலும் கொண்டாரல, தம்பியக் கையில புடிச்சிக்கிட்டு வந்து நின்னா” என்று அப்பா என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அது கேலிதான், குறை இல்லை. மாமாவுக்கு முதல் செருப்பு வாங்கிக் கொடுத்ததே அப்பாதான்.

தோட்டத்துத் தேயிலை நர்சரியில் மாமா நாள்கூலிக்குப் போனார். தேயிலைக் கிளையைத் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுக்கு ஓர் இலையும் ஒரு மொட்டுமாக மண்ணில் குத்திவைத்தால் வேர் பிடித்துக்கொள்ளும். மாமா குத்தியது காய்ந்ததாகச் சரித்திரமில்லை, ராசியான கை என்று பேர். ராசி இருந்து என்ன, நர்சரியையே ஒருநாள் மூடிவிட்டார்கள். லயத்துப் பையன்கள் பாதிப் பேர் கொழும்புக் கடைகளுக்கும் மீதிப் பேர் கட்டாருக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. மாமாவும் கண்டியில் ஓர் ஏஜென்சிக்காரரிடம் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு அம்மா சோறு ஆக்கவில்லை. “ஒன்ன வளத்ததே கண்ணுல பாக்காம இருக்கிறதுக்குத்தானா?” என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் அவரோடு பேசவும் இல்லை.

அந்த நேரத்தில் பேராதனையிலிருந்து ஒரு மிஸ் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய வெயில் தொப்பி போட்டிருந்தார். மலைக்காடுகளில் அழிந்துபோன செடிகளைத் திரும்ப நடுகிற ஏதோ ஒரு திட்டத்தில் அவருக்கு வேலை. எங்கள் தோட்டத்துக்கு மேலே, மலை முகட்டில், ஒரு காலத்தில் சிவப்புச் சிவப்பாகப் பூக்கிற குட்டை மரங்கள் இருந்தனவாம். சிங்களத்தில் மகா ரத்மல் என்பார்கள். எங்கள் ஆட்கள் காட்டுப் பூவரசு என்றார்கள். புல்லுக்கு வைத்த தீயில் எல்லாம் போய்விட்டது. நுவரெலியாப் பக்கத்து மலையில் எடுத்த விதையைத் தருகிறேன், நீர் கன்றாக்கிக் காட்டும் என்று மாமாவிடம் சொன்னார் மிஸ். கன்றுகள் பிழைத்தால் முகட்டில் தொடங்கப்போகிற நர்சரியை மாமாவே நிரந்தரமாகப் பார்த்துக்கொள்ளலாம். பிழைக்காவிட்டால் கட்டார். பாஸ்போர்ட்டைக் கொஞ்ச நாள் வைத்திருக்கும்படி ஏஜென்சிக்காரரிடம் மாமா சொல்லிவிட்டு வந்தார். அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போய் என்ன நேர்ந்தாளோ தெரியாது, வந்ததும் மாமாவுக்குக் கோழிக் குழம்பு வைத்தாள்.

அந்த விதையை நீங்கள் பார்க்க வேண்டும். விதையா அது? மூக்குப்பொடி! மாமா அதை மண்ணில் புதைக்கவில்லை. பழைய பிஸ்கட் டின்களில் ஈரப் பாசியைப் பரப்பி, அதன்மேல் உப்புத் தூவுவதுபோல் தூவினார். பிறகு வீட்டில் சட்டம் போட்டார். டின்களுக்குப் பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது, ஓடக்கூடாது, உரக்கச் சிரிக்கவும் கூடாது. ஒரு தும்மலில் முழு நர்சரியும் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும் என்றார். எனக்குச் சளி பிடித்தபோது என்னை வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கமே விடவில்லை. குழாய்த் தண்ணீரும் ஆகாதாம். கூரையிலிருந்து வடிகிற மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து, வாயில் வைத்துப் பார்த்த பிறகுதான் தெளிப்பார். மிஸ் மறுபடி வந்தபோது, அந்த மரத்தடி மண்ணையே ஒரு சாக்கில் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மண்ணில்லாமல் அது வளராதாம். “மனுசருக்குக்கூட இவ்வளவு பவுசு இல்லப்பா” என்று அம்மா முகத்தை ஒரு வெட்டு வெட்டினாள். ஆனால் காலையில் எழுந்ததும் அவள் முதலில் போய் எட்டிப்பார்ப்பது அந்த டின்களைத்தான்.

முளைத்தது. பாசியின்மேல் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. கடுகைப் பாதியாக வெட்டினால் எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான் இலை. மாமா ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகக் கிளப்பி, வெறும் பால்மா டின்களில் நட்டார். கோடியில் கம்பு நட்டு, நிழல் வலை கட்டி, அதற்குள் வரிசையாக அடுக்கினார். மழைக்காலம் போய் மறு மழைக்காலம் வந்தபோது கன்றுகள் என் விரல் நீளத்துக்கு நின்றன. இலையின் மேற்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் பூனைக்குட்டியின் வயிறுபோல மெத்தென்று பழுப்பு நிறம். ராத்திரி மழை அடித்தால் மாமா எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் அவர் அம்மாவிடம், “அக்கா, இது பூக்கிறப்போ பாப்பாவுக்குக் கல்யாண வயசு வந்திரும். மால அதுலதான் கட்டணும்” என்றார். நான் வெட்கப்பட்டு அவரைக் கிள்ளினேன்.

மிஸ் பெரிய அதிகாரியோடு பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது. மாமாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிவருகிறேன் என்று அன்று காலை கண்டிக்குப் புறப்பட்டுப் போனார்.

அம்மாவுக்கும் சும்மா இருக்க முடியவில்லை. நாலு மனுசர் வருகிற வீடு, இப்படியா கிடப்பது? அப்பா கடையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த சுண்ணாம்பைப் பீப்பாயில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். அது புகைந்து கொதித்து அடங்கியதும் கொஞ்சம் நீலம் கலந்தாள். அபூர்வமாக அன்று நல்ல வெயில். சுவருக்கு அடித்தாள், படிக்கு அடித்தாள், பாதையோரக் கற்களுக்கு அடித்தாள். அப்புறம் கோடிக்குப் போய், வலையைத் தூக்கிவிட்டு, டின்கள் ஒவ்வொன்றுக்கும் வெளிப்பக்கம் வெள்ளை அடித்தாள். துருப்பிடித்த டின்களெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வெள்ளை உடுப்போடு வரிசையாக நின்றன. பார்க்க அவ்வளவு அழகு. அடியில் மீந்த சுண்ணாம்புத் தண்ணீரை அவள் வீணாக்கவில்லை. சிரட்டையில் மொண்டு டின்களுக்குள் ஊற்றினாள்.

அவள் மேல் தப்பே கிடையாது. கவ்வாத்து வெட்டிய மலையில் வெள்ளைத் தூள் வீசுவதை அவள் வருடக்கணக்காகப் பார்த்தவள், தன் கையாலேயே வீசியவள். மொட்டையாக நின்ற தேயிலை அந்தத் தூளுக்குப் பிறகுதான் பச்சையாகத் துளிர்க்கும். அந்தத் தூளும் சுண்ணாம்பு வகைதான். செடி என்றால் வெள்ளை போட வேண்டும் என்பது எங்கள் மலையில் எல்லோரும் அறிந்த விஷயம். தம்பியை ஊரோடு வைத்துக்கொள்ளத் தன்னாலான ஒரு கை வேலை என்று சந்தோஷமாகத்தான் ஊற்றினாள். வேலை முடிந்தபோது அவள் விரல் நுனிகள் சுண்ணாம்பில் வெந்து சிவந்திருந்தன. அடுப்படிக்குப் போய்க் கொறக்காப் புளியை நனைத்து விரல்களில் தேய்த்துக்கொண்டாள். சுண்ணாம்பு வெந்ததற்குப் புளிதான் மருந்து என்று எனக்கும் காட்டித்தந்தாள்.

மாமா சாயங்காலம் வந்தார். சட்டைப் பையில் பாஸ்போர்ட், கையில் எனக்கு மஸ்கட் அல்வாப் பொட்டலம். அம்மா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கோடியில் நிறுத்தினாள்.

“பாருடா தம்பி, எப்பிடி இருக்கு? மீந்தத வீணாக்காம செடிக்கும் ஊத்திட்டேன். இனிப் பாரு, கவ்வாத்து மலை மாதிரி கெளம்பும்.”

மாமா குனிந்து ஒரு டின்னின் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தார். “அழகா இருக்கு அக்கா,” என்றார். “கையெல்லாம் வெந்து போச்சே, எதுக்கு இவ்வளவு கஸ்டப்பட்ட?” தேத்தண்ணி கேட்டார். அம்மா உள்ளே போனதும் அந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். நான் மஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தேன்.

இனி ரசம். மறுநாள் அம்மா மலைக்குப் போனதும் மாமா அடுப்பைப் பற்றவைத்தார். அலமாரித் தட்டிலிருந்த கொறக்காப் புளி முழுவதையும் பானையில் போட்டுக் கொதிக்கவைத்தார். டின்களின் மேல் மண்ணை ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்தார். ஆறிய புளித்தண்ணீரைச் சிரட்டையில் எடுத்து, குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல, ஒவ்வொரு வேரடியிலும் ஊற்றினார்.

“என்னா மாமா செய்றீங்க?”

“ரசம் வெக்கிறேன் பாப்பா. செடிக்குக் காய்ச்சல்.”

“மொளகு போடலியா?”

அவர் பதில் சொல்வதற்குள் நான் ஓடிப்போய் ஒரு கை மிளகை அள்ளிவந்து பானையில் போட்டுவிட்டேன். கதையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் இதுதான். மாமா அப்போது சிரிக்கவில்லை என்பதை நான் கதையில் சேர்ப்பதில்லை. அவர் மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டார். “அம்மாகிட்ட சொல்லிராத பாப்பா. புளியக் காலி பண்ணிட்டேன்னு வெளக்குமாத்தத் தூக்கிருவா,” என்றார். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். அம்மா புளியைத் தேடினால் எலி தின்றுவிட்டது என்று சொல்வதாகவும் ஒப்புக்கொண்டேன்.

அன்று பிடித்த மழை விடவேயில்லை. அம்மா தினமும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு தண்ணீர் சொட்டச் சொட்ட மலையிலிருந்து இறங்கி வந்தாள். பக்கத்து லயம் தெரியாத அளவுக்கு மூட்டம். மாமாவோ அம்மா இல்லாத நேரமெல்லாம் வலைக்குள்ளேயே கிடந்தார். பஜாருக்குப் போய் மேலும் புளி வாங்கிவந்தார். சில கன்றுகளைக் கிளப்பி, வேரைக் கழுவி, புது மண்ணில் வைத்தார். முதலில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. பிறகு ஓரம் கருகியது. பிறகு தொட்டாலே இலை கையோடு வந்தது.

மிஸ் வந்தார். பெரிய அதிகாரி, மழையில் நனையப் பிடிக்காமல் ஜீப்பிலேயே இருந்துவிட்டார். மிஸ் வலைக்குள் குனிந்தார். கருகிய கன்றுகளைப் பார்த்தார், வெள்ளையடித்த டின்களைப் பார்த்தார். அம்மா தேத்தண்ணித் தட்டோடு பின்னால் நின்றாள். மிஸ் ஏதோ கேட்க வாயைத் திறந்ததும் மாமா முந்திக்கொண்டார்.

“வெயில் மிஸ். சரியான வெயில். நான்தான் வலைய ஒழுங்காக் கட்டல. ஏம் பிழைதான்.”

மிஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அம்மாவையும், அவள் கையிலிருந்த தட்டையும். அவருடைய தொப்பியிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஓம்,” என்றார் மெதுவாக. “இந்த முறை வெயில் கொஞ்சம் கூடத்தான். நீர் கவலைப்படாதேயும் தம்பி.” தேத்தண்ணியை நின்றபடியே குடித்து முடித்து, நல்லாயிருக்கு அக்கா என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். ஜீப்பில் போய் என்ன சொன்னாரோ, அப்புறம் எங்களுக்கு அழைப்பு வரவில்லை. மாரிமழையில் நின்றுகொண்டு இரண்டு பெரியவர்கள் வெயிலைப் பற்றிப் பேசியது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆபீஸ் ஆட்களோடு அப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாஸ்போர்ட் மறுபடி கண்டிக்குப் போனது. கொஞ்ச நாளில் மாமாவும் போய்விட்டார். தெல்தோட்டையில் பஸ் ஏறும்போது என் தலையைத் தடவி, அம்மாவச் சிரிக்க வெச்சிக்கிட்டே இரு பாப்பா என்றார். அம்மா அழுத அழுகை இருக்கிறதே, லயமே வந்து வாசலில் நின்றது. ஒருவாய் சோறு இறங்கவில்லை அவளுக்கு. “பாழாப்போன செடி, அதுவும் இவனக் கைவிட்டிருச்சே” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, எனக்குப் பொறுக்கவில்லை. மாமா சொன்னாரே, சிரிக்க வைக்க வேண்டாமா? செய்த சத்தியத்தை மறந்து, குந்தி உட்கார்ந்து, சிரட்டையை எடுத்து, செடிக்கு ரசம் வைத்த கதையை அபிநயத்தோடு ஆடிக் காட்டினேன். கொறக்காப் புளி காலியானது, மண்ணைச் சுரண்டியது, நான் மிளகு போட்டது, எதையும் விடவில்லை.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சிரித்துக்கொண்டே எழுந்து அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. என் நடிப்பு அவ்வளவு பிரமாதம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை. கை வேகுது, இனிமேல் வேண்டாம் என்றாள். மாமா அனுப்பிய காசில் பெயின்ட் வாங்கி அடித்தோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குச் சுண்ணாம்பு வந்ததேயில்லை.

நான் படித்து, கல்யாணமாகி, பேராதனையில் குடியிருக்கிறேன். அம்மாவும் இப்போது எங்களோடுதான். போன வருடம் ரோட்டோரத்தில் செடி விற்கிற மடவளைக்காரர் ஒருவரிடம் அசேலியாச் செடி ஒன்று வாங்கினேன். எங்கே வைக்கப்போறீங்க என்று கேட்டார். மதிலோரம் என்றேன்.

“சுண்ணாம்பு அடிச்ச மதிலா? வேணாம் மகள். இது குளிர் மலைச்சாதி, புளிப்பு மண்தான் கேக்கும். மகா ரத்மல் எல்லாம் இதுக்குச் சொந்தக்காரன்தான். சுண்ணாம்புத் தண்ணி பட்டா ஒரு கிழமையில மௌத்தாப் போயிரும். அவசரத்துக்குச் சிலபேர் புளித்தண்ணி ஊத்திப் பாக்கிற. ஆனா செடி தப்பாது.”

செடியைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றேன். பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. ஐயோ மாமா! இத்தனை வருடம் ஊரைக் கூட்டி நான் சிரிக்கவைத்த கதை இதுதானா? லீவில் வந்தபோதெல்லாம் நீங்களும் கூடவே உட்கார்ந்து சிரித்தீர்களே! அன்றைக்கு ஒன்று முடிவு செய்தேன். இது எனக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும், அம்மாவின் காதுக்குப் போகவே கூடாது.

போன மாதம் மாமா வீடியோ கோலில் வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒரு ஹோட்டல் தோட்டத்தில் புல் வெட்டுகிறார், பின்னால் வெயில் கொளுத்தியது. அம்மா வழக்கம்போல என் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, பேத்திக்கு அந்த ரசக் கதையச் சொல்லுடி என்றாள். நான் போனை நிமிர்த்தி வைப்பதுபோல் நேரம் கடத்தினேன். “என்னா பாப்பா, மறந்திருச்சா? சொல்லேன்,” என்றார் மாமா. சொன்னேன். மிளகு போட்ட இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் மட்டும் சிரிக்காமல், போனில் முகத்தை ஒட்டிக்கொண்டு கேட்டாள்.

“அப்புறம் அந்தச் செடிக்கு என்னாச்சு தாத்தா? காய்ச்சல் விட்டுருச்சா?”

மாமா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “எங்க விட்டுச்சு கண்ணு? அந்த வருசம் பொல்லாத வெயில்.”

“ஆமா,” என்றாள் அம்மா. “அப்பிடி ஒரு வெயில நான் பாத்ததேயில்ல.”

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்கச் சொட்டச் சொட்ட நனைந்து வந்தவள் அவள்தான். வெந்த விரலுக்குப் புளி தேய்த்துக்கொண்டவளும் அவள்தான். அவள் யாரையும் பார்க்காமல் என் மகளின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அன்று சிரிக்கவில்லை. அவளுக்கு யாரும் சொல்லாமல் விட்டதை, சிரட்டையும் கையுமாக ஆடிக்காட்டிச் சொன்னது நான். தன் தம்பி போகாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டான் என்பது அந்தக் கதையில் மட்டும்தான் இருக்கிறது, அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள்.

“நெசமாவா அம்மா?” என்று மகள் என்னிடம் கேட்டாள்.

“ஆமா,” என்றேன். “வெயில்தான்.”